டேப் வாங்குவதா, கிண்டில் வாங்குவதா? படிக்க, வரைய, வாசிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டம் கூடும். அதை நடத்துவதில் எனக்கும் பங்கு உண்டு. கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும் நேரத்தில் யாராவது ஒருவர் வந்து, "ஒரு சந்தேகம் சார்" என்று ஆரம்பிப்பார். மே, ஜூன் வந்துவிட்டால் தினம் ஒரு போனாவது வரும். கேள்விகள் பெரும்பாலும் இவைதான். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, நான் சொன்ன பதில்களைக் கீழே கொடுத்திருக்கிறேன். என்னிடம் ஒரு 6 இஞ்ச் கிண்டிலும் பேனாவோடு வந்த ஒரு சாம்சங் டேப்பும் இருக்கின்றன. வட்டத்து நண்பர்களின் மற்ற கருவிகளையும் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன்.

விலை வாரம் ஒன்றாக மாறுவதால் அதை எழுதவில்லை.

1. டேப்புக்கும் கிண்டிலுக்கும் என்ன சார் வித்தியாசம்? ரெண்டும் ஒரு ஸ்க்ரீன்தானே?

டேப் என்பது பெரிய போன். திரை தானே ஒளி வீசும், அந்த ஒளி நேராகக் கண்ணுக்கு வரும். வீடியோ, இணையம், விளையாட்டு, வரைதல் எல்லாம் அதில் நடக்கும். நாள் முழுக்கப் பயன்படுத்தினால் ராத்திரி சார்ஜ் போட வேண்டும்.

கிண்டில் மாதிரி, புத்தகம் வாசிக்கவே செய்த கருவியை இ-ரீடர் என்பார்கள். அதன் திரை வேறு ரகம். அந்தத் திரையை இ-இங்க் என்பார்கள். 1997-இல் அமெரிக்காவின் எம்ஐடியிலிருந்து கிளைத்த நிறுவனத்தின் பெயர் அது. திரைக்கும் அதுவே நிலைத்துவிட்டது. திரைக்குள் தலைமுடி தடிமனில் நுண்குமிழ்கள் இருக்கும். ஒவ்வொரு குமிழிலும் கருப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மிதக்கும். மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். வந்த துகள் அப்படியே நிற்கும், அதைப் பிடித்து வைக்க மின்சாரம் வேண்டாம். பக்கம் திருப்பும்போதுதான் செலவு. சார்ஜ் வாரக்கணக்கில் நிற்பதற்குக் காரணம் இதுதான். கரண்ட் போனாலும் வாசிப்பு நிற்காது. ஆனால் துகள் நகர நேரம் பிடிக்கும் என்பதால் வீடியோ சரிப்படாது.

கிண்டில் என்பது அமேசான் 2007-இல் கொண்டுவந்த இ-ரீடரின் பெயர். கோபோ, பூக்ஸ் என்று வேறு நிறுவனங்களின் இ-ரீடர்களும் உண்டு. நகல் எடுப்பதையெல்லாம் ஜெராக்ஸ் என்பதுபோல நம் ஊரில் எல்லாமே கிண்டில் ஆகிவிட்டது.

2. பையனுக்கு டேப் வாங்கிக் குடுத்தா கண்ணு போயிடும்னு அவங்க பாட்டி சொல்றாங்க. கிண்டில்னா பரவாயில்லையா?

பாட்டியின் கவலையில் பாதி நியாயம் இருக்கிறது. திரையின் நீல ஒளி கண்ணைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் தெளிவாகச் சொல்கிறது. அதனால் நீல ஒளிக் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். கண் எரிச்சலும் வறட்சியும் வருவது, திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுவதால். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் இருக்கும் எதையாவது 20 விநாடி பார்த்தால் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும்.

பிள்ளைகளுக்கு வரும் கிட்டப்பார்வை வேறு விஷயம். நெடுநேரம் கண்ணருகே வைத்துப் பார்ப்பதும், பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடாமல் இருப்பதும் அதற்குக் காரணங்கள். அந்தக் கணக்கில் அச்சுப் புத்தகம், கிண்டில், டேப் மூன்றும் பக்கத்துப் பார்வைதான். எதை வாங்கிக் கொடுத்தாலும் சாயங்காலம் பையனை வெளியே அனுப்புங்கள்.

3. நான் ராத்திரி படுத்துக்கிட்டுதான் வாசிப்பேன். எது நல்லது?

இதற்கு மட்டும் யோசிக்காமல் இ-ரீடர் என்பேன். சுமார் 200 கிராம் எடைதான், ஒரு கையில் நிற்கும். பத்து, பதினோரு இஞ்ச் டேப் ஏறக்குறைய அரைக் கிலோ. தூக்கம் வரும் நேரத்தில் மூக்கில் விழுந்தால் தெரியும்.

இன்னொரு காரணம் தூக்கம். 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 12 பேரைச் சில இரவுகள் ஒளிரும் திரையிலும் சில இரவுகள் அச்சுப் புத்தகத்திலும் வாசிக்க வைத்தார்கள். திரையில் வாசித்தபோது தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு சுமார் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. இதை "இ-ரீடர் தூக்கத்தைக் கெடுக்கும்" என்று பலர் எடுத்துக் காட்டுவார்கள். அதில் பயன்படுத்தியது ஐபேட், அதுவும் முழு வெளிச்சத்தில். கிண்டிலில் விளக்கு ஓரத்திலிருந்து பக்கத்தின் மேல் விழுகிறது. அதை மிகக் குறைத்து வைக்கலாம், அணைத்துவிட்டு அறை விளக்கிலும் வாசிக்கலாம்.

4. கிண்டில்ல தமிழ் ஒழுங்கா வருமா? கட்டம் கட்டமா வரும்னு சொன்னாங்களே?

வரும். கட்டம் வந்தது பழைய காலம். 2016 டிசம்பரில் அமேசான் தமிழையும் சேர்த்து ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் புத்தகம் விற்கத் தொடங்கியது. இன்று சங்க இலக்கியத்திலிருந்து நேற்று எழுதிய நாவல் வரை அதில் இருக்கிறது. நீங்களாகக் கொண்டுவரும் இபப் என்ற மின்னூல் கோப்பையும் 2022-லிருந்து நேரடியாகக் கிண்டிலுக்கு அனுப்பலாம்.

கிண்டில் அல்லாத இ-ரீடர் வாங்குகிறீர்களென்றால், கடையிலேயே ஒரு தமிழ் இபப்பைத் திறந்து பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறாமல், 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' சரியாக வந்தால் வாங்கலாம்.

5. இபப், பிடிஎஃப்னு சொல்றீங்களே, ரெண்டும் புத்தகம்தானே? எதுல இருந்தா என்ன?

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதிக் கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும். இபப்பில் இருப்பது எழுத்து மட்டும். அதைத் திரைக்குத் தகுந்தபடி கருவி வரி பிரித்து அடுக்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கங்கள் கூடும், வரி வெட்டுப்படாது. பிடிஎஃப் என்பது அச்சடித்த தாள் மாதிரி. எந்த எழுத்து எந்த இடத்தில் என்பது முடிந்துபோன விஷயம். பெரிதாக்கினால் தாளே பெரிதாகும், நாம் இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

அதனால் யார் வந்து எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் படிக்கப்போவது எந்தக் கோப்பு?

6. என்கிட்ட ஆயிரம் பிடிஎஃப் இருக்கு சார். கிண்டில்ல போட்டுப் படிச்சிடலாம்ல?

இந்தக் கேள்விக்கு நான் பணம் செலவழித்துப் பதில் கற்றேன். என் முதல் இ-ரீடரை வாங்கியதே பிடிஎஃப் படிக்கத்தான். ஒரு வாரத்தில் அதை அலமாரியில் வைத்துவிட்டேன். கதைப் புத்தகங்கள் இபப்பில் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் வெளியே எடுத்தேன். கணக்கு இதுதான். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். 6 இஞ்ச் திரையின் அகலம் 9 சென்டிமீட்டர் சொச்சம். முழுப் பக்கத்தையும் அதில் அடக்கினால் எழுத்து பாதிக்கும் கீழே சுருங்கும். 11 பாயின்ட் அளவு எழுத்து 5 பாயின்ட்டுக்கும் சிறிதாகிவிடும். ஆங்கிலத்தைக்கூட ஊகித்துப் படித்துவிடலாம். தமிழில் புள்ளி மறைந்தால் 'பல்' 'பல' ஆகிவிடும். 'கலி'யா 'கலீ'யா என்று முறைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

அதே ஏ4 பக்கத்தை 10.3 இஞ்ச் திரையில் வைத்தால் நான்கில் மூன்று பங்கு அளவில் தெரியும். ஏ5 நோட்டுப் புத்தகம் மாதிரி. ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டால் வசதியாகவே படிக்கலாம். ஆக, ஏ4 பிடிஎஃப்தான் உங்கள் சொத்து என்றால் 10 இஞ்சுக்குக் குறைந்த எதையும் வாங்காதீர்கள், டேப்பானாலும் சரி, இ-ரீடரானாலும் சரி. 8 இஞ்ச் டேப் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கியவர்கள் மூவர் எங்கள் வட்டத்திலேயே இருக்கிறார்கள். மூவரும் இப்போது அதில் பாட்டுத்தான் கேட்கிறார்கள்.

ஸ்கேன் செய்த பழைய புத்தகம் இன்னும் கடினம். பழுப்பேறிய தாள் இ-இங்கில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும், பக்கம் திரும்பவும் தாமதமாகும். டேப்பில் அது நன்றாக இருக்கும்.

7. பிடிஎஃப்ப இபப்பா மாத்திட்டா? ஏதோ சாஃப்ட்வேர் இருக்காமே?

இருக்கிறது. காலிபர் என்ற இலவச மென்பொருளை எல்லோரும் சொல்வார்கள். கோவிட் கோயல் என்ற இந்தியர் 2006-இல் தொடங்கியது, அருமையான கருவி. ஆனால் தமிழ் பிடிஎஃப்பில் அது பெரும்பாலும் கைவிரிக்கும். பழைய தமிழ் பிடிஎஃப்கள், இன்று எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியேற்றமான யூனிகோடில் இல்லை. டாம், டாப், பாமினி போன்ற குறியேற்றங்களில் இருக்கின்றன. கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பை. மாற்றினால் அந்தக் குப்பைதான் வெளியே வரும். உங்கள் கோப்பு எப்படி என்று அறிய, அதில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் மாற்ற முயலலாம்.

வராவிட்டால் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவசக் கருவி உண்டு. அது எழுத்தைப் படிப்பதே இல்லை. பக்கத்தைப் படமாக எடுத்து, சொற்களை வெட்டி, சின்னத் திரைக்கு ஏற்ப மறுபடி அடுக்கும். மொழி தெரியாத கருவி என்பதால் தமிழும் தப்பித்துவிடுகிறது. அட்டவணையும் இரண்டு பத்திப் பக்கங்களும் வந்தால் சில இடங்களில் குழம்பும். கதைப் புத்தகத்துக்கு நன்றாக வேலை செய்யும்.

8. காசு குடுக்காம, திருட்டும் இல்லாம தமிழ்ப் புத்தகம் எங்க கிடைக்கும்?

நிறையக் கிடைக்கும். மதுரைத் திட்டம் 1998 பொங்கல் அன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். பழைய இலக்கியம் வேண்டுமானால் முதலில் அங்கே போங்கள். ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் ஒரே நூலை இபப்பாகவும், ஏ4 பிடிஎஃப்பாகவும், 6 இஞ்ச் பிடிஎஃப்பாகவும் வைத்திருக்கிறார்கள். எந்தக் கருவியோ அதற்கு ஏற்றதை எடுக்கலாம்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகமும், 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் காத்துவரும் நூலகம் தளமும் பெருங்கடல்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஸ்கேன் செய்த பக்கங்கள். 6-ஆம் பதிலில் சொன்னபடி அவற்றைப் பெரிய திரையில் திறங்கள்.

9. எங்க அம்மாவுக்கு எழுபது வயசு. நிறைய வாசிச்சவங்க, இப்ப எழுத்து சின்னதா இருக்குன்னு விட்டுட்டாங்க. அவங்களுக்கு இதெல்லாம் சரிப்படுமா?

கண்டிப்பாகச் சரிப்படும். என் அம்மாவும் கண்புரை அறுவைக்குப் பிறகு புத்தகத்தை மூடி வைத்திருந்தார். ஒருநாள் என் கிண்டிலில் ஒரு தமிழ் நாவலைத் திறந்து, எழுத்தை ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரி மட்டும் வரும் அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அன்று மாலைச் சாப்பாடு தாமதமானது. இப்போது அது அவருடைய கிண்டில்; நான் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பொத்தான் அதிகம் இல்லாதது, அறிவிப்பு மணி எதுவும் அடிக்காதது, எடை குறைந்தது என்று வயதானவர்களுக்கு இ-ரீடர் பொருந்திவருகிறது. புத்தகங்களை மட்டும் நீங்கள் ஏற்றிக் கொடுங்கள். பார்வை மிகவும் குறைந்தவர் என்றால் டேப் நல்லது, ஏனென்றால் ஆண்ட்ராய்டில் தமிழை வாய்விட்டு வாசிக்கும் வசதி உண்டு.

10. பொண்ணு பத்தாவது போறா. பாடப் புத்தகத்தை எல்லாம் கிண்டில்ல போட்டா பை கனம் குறையும்ல?

வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது உண்மைதான். ஆனால் அவை பெரிய அளவு, வண்ணப் படம் நிறைந்த பிடிஎஃப்கள். கருப்பு வெள்ளையில் வரைபடமும் உயிரியல் படமும் பாழாகும். 2018-இல் பாடத்திட்டம் மாறியதிலிருந்து பாடத்துக்குப் பாடம் க்யூஆர் குறியும் இருக்கிறது. அதைப் படித்து வீடியோ காட்டக் கேமராவும் வண்ணத் திரையும் வேண்டும். இதெல்லாம் டேப்பின் வேலை.

டேப் வாங்கினாலும் அச்சுப் புத்தகத்தை விட்டுவிட வேண்டாம். 2018-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு அதற்கு முந்தைய 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தகவல் நிறைந்த பாடங்களைத் தாளில் படித்தவர்களுக்குப் புரிதல் கூடுதலாக இருந்தது, நேரக் கெடு வைத்துப் படித்தால் வித்தியாசம் இன்னும் கூடியது. கதை வாசிப்பதில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. என் யோசனை: பாடம் தாளில், வீடியோவும் பழைய வினாத்தாளும் டேப்பில், நாவல் எதில் வேண்டுமானாலும்.

11. நான் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன். நோட்ஸ் எல்லாம் பிடிஎஃப்ல வாட்ஸ்அப்ல வருது. பிரிண்ட் எடுத்தே காசு தீருது.

உங்களுக்கு 10 அல்லது 11 இஞ்ச் டேப், கூடவே பேனா. பிடிஎஃப் மேலேயே அடிக்கோடு போடலாம், ஓரத்தில் எழுதலாம். திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் வகுப்பு வீடியோ, மறு பக்கம் குறிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஜெராக்ஸ் கடைக்குக் கொடுக்கும் பணத்தை ஒரு மாதம் எழுதி வைத்துப் பாருங்கள், முடிவெடுக்க அது உதவும்.

ஒரே ஆபத்து, அதே கருவியில் யூடியூபும் இன்ஸ்டாவும் இருப்பது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி டேப்பில் சிம் போடவில்லை. இரவில் வைஃபை கிடைக்கும் இடத்தில் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு பகலில் இணையமே இல்லாமல் படிப்பான். அவனுக்கு அது உதவியது. குரூப் 1 முதன்மைத் தேர்வு விரிவாக எழுதும் தேர்வு என்பதால், விடை எழுதும் பயிற்சியை மட்டும் தாளிலேயே செய்யுங்கள்.

12. வரையறதுக்கு எந்த டேப் வாங்கலாம்? சாதா டேப் வாங்கி இருநூறு ரூபாய் பேனா வாங்கினா போதாதா?

போதாது. அதிகம் பேர் ஏமாறும் இடம் இது, ஏமாறுவதும் பெரும்பாலும் வரையும் ஆசையோடு இருக்கும் பிள்ளைகள். ரப்பர் முனையோ வட்டத் தகடோ வைத்த மலிவுப் பேனா, திரையைப் பொறுத்தவரை இன்னொரு விரல்தான். அழுத்தினால் கோடு தடிக்காது. உள்ளங்கை பட்டால் அங்கேயும் கோடு விழும், அதனால் பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டே வரைந்து தோள் வலி என்று வந்து நிற்கும்.

வரைவதற்கு வேண்டியது அழுத்த உணர்வு. பென்சிலை லேசாகப் பிடித்தால் மெல்லிய கோடும், அழுத்தினால் தடித்த கோடும் வருமே, அது. அதற்கு டேப்பும் பேனாவும் ஒன்றையொன்று அறிந்தவையாக இருக்க வேண்டும். சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட், எஸ்10 லைட் போன்றவற்றில் எஸ் பென் என்ற பேனா பெட்டிக்குள்ளேயே வரும். அந்தப் பேனா வேகாம் என்ற நிறுவனத்தின் நுட்பத்தில் இயங்குவது. திரையிலிருந்தே சக்தி எடுத்துக்கொள்வதால் வரைய சார்ஜ் தேவையில்லை. அதே சாம்சங்கின் ஏ வரிசையில் இருக்கும் டேப் ஏ9, ஏ9 பிளஸ் இரண்டும் எஸ் பென்னை ஏற்காது. பெயர் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் பெட்டியை நிதானமாகப் படியுங்கள்.

13. ஐபேட் வாங்கிட்டேன். ஆப்பிள் பென்சில்ல எது விலை கம்மியோ அத வாங்கிக்கலாமா?

குறிப்பு எழுதத்தான் என்றால் வாங்கலாம். வரைய என்றால் நில்லுங்கள். 2023-இல் வந்த யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சிலில் அழுத்த உணர்வே கிடையாது. நான் 12-இல் சொன்ன மெல்லிய கோடு, தடித்த கோடு அதில் வராது. 2015-இல் வந்த முதல் தலைமுறைப் பென்சிலில் அது உண்டு. பத்தாம் தலைமுறை ஐபேடும் 2025-இன் ஏ16 ஐபேடும் அந்தப் பழைய பென்சிலை ஏற்கும்; இணைக்க ஒரு சின்ன அடாப்டர் வேண்டும். பென்சில் ப்ரோ இந்தச் சாதாரண ஐபேட்களில் வேலை செய்யாது. இணையத்தில் ஆயிரம், இரண்டாயிரத்துக்குக் கிடைக்கும் "ஐபேட் பென்" பலவற்றில் உள்ளங்கைப் பாதுகாப்பு இருக்கும், அழுத்த உணர்வு இருக்காது.

செயலி பற்றியும் கேட்பார்கள். ப்ரோகிரியேட் ஐபேடில் மட்டும்தான், ஒருமுறை பணம் கட்டினால் போதும். ஆண்ட்ராய்டில் கிரிட்டா முழுக்க இலவசம். ஐபிஸ் பெயின்ட் விளம்பரத்தோடு இலவசம். கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் இரண்டிலும் உண்டு, சந்தா கட்ட வேண்டும். முதல் ஆறு மாதம் வரையும் பிள்ளைக்கு இலவசச் செயலியே தாராளம்.

14. அவ்வளவு காசு இல்ல சார். டேப்பே வாங்காம டிஜிட்டல்ல வரைய வழி இருக்கா?

இருக்கிறது, நல்ல வழியாகவே இருக்கிறது. திரை இல்லாத வரைபலகை என்று ஒன்று உண்டு. கடையில் பென் டேப்லெட் என்பார்கள். வேகாம், ஹூயான், எக்ஸ்பி-பென் என்று பல நிறுவனங்கள் செய்கின்றன. பலகையில் வரைந்தால் கோடு கணினித் திரையில் விழும். அழுத்த உணர்வு உண்டு. டேப்பைவிட விலை மிகக் குறைவு. பல மாடல்கள் ஓடிஜி வழியாக (போனில் யுஎஸ்பி கருவியை இணைக்கும் வசதி) ஆண்ட்ராய்டு போனிலும் வேலை செய்யும், ஆனால் போனில் இணைத்தால் பலகையின் ஒரு பகுதி மட்டுமே பயன்படும்.

கை ஓரிடத்தில், கண் ஓரிடத்தில் என்பது முதலில் திண்டாட்டமாக இருக்கும். இரண்டு மூன்று வாரம் தினமும் வட்டமும் கோடும் போட்டால் பழகிவிடும். வீட்டில் பழைய லேப்டாப் ஒன்று தூசி படிந்து கிடந்தால், ஒரு பலகையும் கிரிட்டாவும் போதும், உங்கள் பிள்ளை இன்றே தொடங்கலாம்.

15. எழுதவும் செய்யலாம், வாசிக்கவும் செய்யலாம்னு பெரிய கிண்டில் வந்திருக்கே. அது டேப்புக்குப் பதிலா ஆகுமா?

2022-இல் வந்த கிண்டில் ஸ்க்ரைப், நார்வேயின் ரிமார்க்கபிள், ஆண்ட்ராய்டில் ஓடும் பூக்ஸ் எல்லாம் இந்த வகை. 10 இஞ்சைத் தாண்டிய இ-இங்க் திரை, கூடப் பேனா. எழுதும் சுகம் தாளுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆய்வு மாணவர்கள், வழக்கறிஞர்கள், மொழிபெயர்ப்பவர்கள் என்று நாள் முழுக்கப் பிடிஎஃப் படித்து ஓரத்தில் எழுதுகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். ரிமார்க்கபிள் 2-இல் விளக்கு கிடையாது என்பதை மட்டும் கவனியுங்கள், மொட்டை மாடியில் இரவு படிக்க முடியாது.

வரைய என்றால் பென்சில் ஸ்கெட்ச் வரைதான். அடுக்கு அடுக்காக வண்ணம் பூசி வேலை செய்கிறவருக்கு ஆகாது. வீடியோ வகுப்புக்கும் ஆகாது. பூக்ஸில் யூடியூப் திறக்கும், ஆனால் பார்க்க நன்றாக இருக்காது, காரணம் 1-ஆம் பதிலில் இருக்கிறது.

16. கலர் கிண்டில் வந்துட்டே. காமிக்ஸும் படிக்கலாம், பாடப் புத்தகமும் படிக்கலாம்ல?

காமிக்ஸ் படிக்கலாம். 2024-இல் கிண்டில் கலர்சாஃப்டும் கோபோவின் கலர் இ-ரீடர்களும் வந்தன. இவற்றில் கருப்பு எழுத்து ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணம் 150 புள்ளி. கருப்பு வெள்ளைத் திரையின் மேல் ஒரு வண்ண வடிகட்டியை வைத்துச் செய்வதால் பின்னணி கொஞ்சம் மங்கும், நிறம் ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ் அச்சு மாதிரி வெளிறி இருக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் 6, 7 இஞ்ச் திரையில் பாடநூல் படிக்க முடியாது என்ற கணக்கை வண்ணம் மாற்றிவிடாது.

17. கிண்டில்ல காசு குடுத்து வாங்குன புத்தகம் என்னோடதுதானே? நாளைக்கு வேற கம்பெனி ரீடர் வாங்கினா அதுல போட்டுக்கலாம்ல?

இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் வாங்குவது வாசிக்கும் உரிமை. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்பதால், அமேசான் வாசகர்களின் கிண்டிலிலிருந்து தொலைவில் இருந்தே நீக்கியது. பிறகு மன்னிப்புக் கேட்டது. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் நிறுத்திவிட்டது.

இதற்காகக் கிண்டிலை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தமிழ் நூல்கள் அவ்வளவு எண்ணிக்கையில் அங்கே கிடைக்கின்றன. ஆனால் காலம் முழுக்க வேண்டும் என்று நினைக்கும் நூலை நான் அச்சில் வாங்குகிறேன். இலவசமாகக் கிடைக்கும் இபப்களைக் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் சேர்த்து வைக்கிறேன்.

18. ஒன்னுதான் வாங்க முடியும். படிக்கணும், வரையணும், நாவலும் வாசிக்கணும். எது?

பேனாவோடு வரும் 10, 11 இஞ்ச் டேப். மூன்றில் இரண்டை நன்றாகச் செய்யும், மூன்றாவதை ஓரளவு செய்யும். கிண்டில் செயலியை அதில் போட்டு, பின்னணியை வெளிர் மஞ்சளாக்கி, வெளிச்சத்தைக் குறைத்து, அறிவிப்புகளை அணைத்துவிட்டு வாசியுங்கள். 200 பக்க நாவல் வரை சிரமம் இருக்காது.

அப்புறம், வருடத்துக்கு இருபது முப்பது புத்தகம் வாசிப்பவராக நீங்கள் மாறிவிட்டால் ஒரு சின்ன இ-ரீடரைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். முதலிலேயே இரண்டும் வாங்கியவர்களில் பலர் ஒன்றைத் தொடுவதே இல்லை.

19. செகண்ட் ஹேண்ட்ல பாதி விலைக்கு வருது. வாங்கலாமா? என்ன பாக்கணும்?

வாங்கலாம். ஆனால் பழைய உரிமையாளரின் கணக்கிலிருந்து நீக்காத ஐபேடை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அவருடைய கடவுச்சொல் இல்லாமல் அது பலகைத் துண்டுதான். கிண்டிலையும் உங்கள் எதிரிலேயே அவர் கணக்கிலிருந்து நீக்கி, உங்கள் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு அக்கா, பழைய டேப் ஒன்றைப் பணம் கொடுத்து வாங்கி வீட்டுக்கு வந்த பிறகுதான் அது பூட்டிக் கிடப்பதைப் பார்த்தார். விற்றவர் போனை எடுக்கவே இல்லை.

இ-இங்க் திரைக்கு உள்ளே கண்ணாடி இருக்கிறது, பையில் அழுந்தினால் மேலே கீறல் இல்லாமலே உள்ளே உடையும். முழு வெள்ளைப் பக்கம் ஒன்றையும் கருமையான அட்டைப் படம் ஒன்றையும் திறந்து, நகராத கோடு ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள். விளக்கை முழுதாக ஏற்றி ஓரங்களில் திட்டு விழுகிறதா என்றும் பாருங்கள். டேப் என்றால் திரையின் நான்கு மூலைகளிலும் குறுக்காகவும் பேனாவால் மெதுவாக ஒரு கோடு இழுங்கள், எங்கும் அறுபடக் கூடாது. போகும்போது ஒரு பென்டிரைவில் உங்களிடம் இருப்பதிலேயே கனமான பிடிஎஃப்பைக் கொண்டுபோய், அதன் ஐம்பதாவது பக்கத்தைத் திறக்கச் சொல்லிக் காத்திருந்து பாருங்கள்.